ரோசின் இல்லாத வில்

திருகோணமலை
11.02.2024

அன்புள்ள ஜெயரூபி அக்கா,

சுகம் விசாரிக்கும் முன்னர் ஒன்றை எழுதிவிடுகிறேன். ஆறவிட்டால் எழுதமாட்டேன். இன்று நான் சொல்லாமல் விட்டது ஒரு சின்ன வசனம்: "எனக்கு வாசிக்கத் தெரியும்."

உங்கள் கம்பனி நடத்தப்போகும் கச்சேரிக்கான கூட்டம் இன்று காலை நடந்தது. பாக்கியரத்தினம் ஐயாவை உங்களுக்குத் தெரியும். துறைமுகக் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற நாளிலிருந்து ஊரில் நடக்கும் எல்லா விழாவுக்கும் அவர்தான் தலைவர். ஜூன் மாதம் கொழும்பு வாத்தியக் குழு வருமாம். பின்லாந்திலிருந்து ஒரு நடத்துநர் விருந்தினராக வருவாராம். லண்டனிலிருந்து மாயா என்ற பெண் வந்து தனி வயலின் வாசிப்பாராம். குழுவோடு எங்கள் ஊர் வயலின்காரர் இருவரும் மேடையில் இருப்பார்களாம். அவர் 'கொண்டக்டர்' என்று சொன்னதும் பின்வரிசையில் ஒருவர், "அப்ப ட்றைவர் ஆர்?" என்றார். கூட்டத்தில் உருப்படியாகக் கேட்கப்பட்ட கேள்வி அது ஒன்றுதான்.

அந்த இருவர் நானும் தனஞ்சயனும். தனஞ்சயன் நான் சங்கீதம் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர், கலியாண வீடுகளில் வயலின் வாசிப்பவர். பாக்கியரத்தினம் ஐயா என்னைப் பார்த்து, "பிள்ளை, வயலினை எந்தத் தோளில வைக்கிறதெண்டு தெரியும்தானே?" என்று கேட்டார். மட்டக்களப்பில் நான்கு வருடம் வயலின் படித்துப் பட்டம் வாங்கியவள் நான். அதற்குப் பிறகு ஐந்து வருடம் தேவாலயத்தில் ஓர்கன் வாசிக்கும் சிஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறிப்பும் படித்தேன். அதை உங்களைத் தவிர யாருக்கும் சொன்னதில்லை. அவரிடம் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். இப்படிக் கேட்கிற ஒருவருக்கு விளக்கம் சொல்வதைவிட அவர் தன் எண்ணத்தோடு வீட்டுக்குப் போவது நல்லது என்று பட்டது.

ஆனால் உங்கள் கம்பனியின் அறிவித்தலில் ஒரு வரி இருக்கிறது. நடத்துநர் உள்ளூர்க் கலைஞர்களின் வாசிப்பைக் கேட்டு, தகுதியானவரைக் கொழும்புக் குழுவில் சேர்ப்பார் என்று. அக்கா, எனக்கு இதில் வேண்டியது அந்த வரி மட்டுந்தான். இசை தெரிந்த ஒரு காது என்னை ஒருமுறை முழுதாகக் கேட்கவேண்டும். விளக்கேற்றல், பொன்னாடை, நன்றியுரை எல்லாவற்றையும் அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் ஓர் உதவி. கொழும்பில் நல்ல ரோசின் கட்டி ஒன்று வாங்கி அனுப்புங்கள். சின்ன வயதில் நீங்கள் பனங்கட்டி என்று நினைத்து நக்கிப் பார்த்தீர்களே, அதுதான். வில்லின் மயிரில் அதைத் தேய்க்காவிட்டால் வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும், சத்தமே வராது. இங்கே கிடைப்பது மாவாக உதிர்கிறது.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நான் போனில் கதைக்கத் தொடங்கினால் கதிரையை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். அத்தான், மகன், நீங்கள் எல்லோரும் நலம்தானே? பெரியம்மாவின் சீனி வருத்தம் எப்படி?

அன்புடன்,
தர்மினி


வெள்ளவத்தை
26.02.2024

என் அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சீனி கொஞ்சம் இறங்கியிருக்கிறது, வாய்தான் இறங்கவில்லை. சின்னம்மாவை எண்ணெய் பூசச் சொல்லு.

உன்னைத் தெரிவு செய்தார்கள் என்றதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எங்கள் பிரிவுக்கு இந்த வருடத்தின் பெரிய வேலை இதுதான். விளம்பரம் முழுக்க என் பொறுப்பு. நீ முன்வரிசையில் இருப்பாய், குழுவின் முதல் வயலின்காரர் டெரன்ஸுக்குப் பக்கத்துக் கதிரை. அதற்கு நான் எத்தனை பேரோடு கதைக்க வேண்டியிருந்தது என்று உனக்குத் தெரியாது. எல்லாப் படத்திலும் நீ விழுவாய்.

சேலையைப் பற்றி யோசி. வெள்ளை மண்டபம், கறுப்பு உடுப்புக்காரர்கள். நடுவில் கடும்பச்சை எடுப்பாக இருக்கும். நான் வாங்கி அனுப்புகிறேன். கூட்டத்தில் யாரோடும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பாக்கியரத்தினம் ஐயா நல்ல மனுசன்.

நேரத்துக்குச் சாப்பிடு. சின்னம்மாவுக்கு என் அன்பு.

ஜெயரூபி அக்கா


திருகோணமலை
10.03.2024

அன்புள்ள அக்கா,

பெரியம்மாவின் சீனி இறங்கியது நல்ல செய்தி. வாய் அப்படியே இருக்கட்டும், அது நின்றால்தான் பயப்பட வேண்டும். இங்கே வெயில் இப்போதே தொடங்கிவிட்டது. ஊருக்குள் திரியும் மான்கள் பகலில் மதில் நிழலை விட்டு நகர்வதில்லை.

பாட்டின் குறிப்பை டெரன்ஸ் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். முதல் வயலின் பகுதி முழுவதையும் பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன். எனக்கு இருப்பது ஒரே வயலின். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக எங்கள் சுருதியில் வைக்கிறேன்: ச, ப, ச, ப, பிள்ளைகளின் குரலுக்கு ஏற்ப இறக்கி. மேற்கத்தியக்காரருக்கு நாலு தந்தியும் வேறு வேறு சுரம், உலகம் முழுக்க ஒன்றே. ஆகவே மாலையில் குசினிக் கதவைச் சாத்திவிட்டுத் தந்திகளை அவர்களின் சுருதிக்கு ஏற்றுகிறேன். காலையில் மறுபடி இறக்குகிறேன். தந்திக்கு வாய் இருந்தால் என்னைப் பொலிசில் கொடுத்திருக்கும்.

உங்கள் பிரிவு அச்சிட்ட துண்டுப்பிரசுரம் வந்தது. 'இசை மறந்த மண்ணுக்கு மீண்டும் இசை' என்று போட்டிருக்கிறீர்கள். நாங்கள் எப்போது மறந்தோம்? விடிய முன்னர் கோயில் ஒலிபெருக்கி, பிறகு கடற்படை முகாமின் பியூகிள், பிறகு பக்கத்து வீட்டு ஓட்டோவின் பாட்டுப்பெட்டி. மறக்க ஒரு நாள் கிடைத்தால் நன்றாக இருக்கும். அந்த வரியை எழுதியது நீங்களாக இருந்தால், மன்னிக்கவும். நீங்களாக இராவிட்டால், எழுதியவருக்கு என் வெறுப்பைத் தெரிவியுங்கள்.

தனஞ்சயன் இன்னும் குறிப்பைத் திறக்கவேயில்லை. "எங்களை ஆர் கேக்கப் போறாங்கள் தர்மினி? அம்பது பேர் வாசிக்கேக்க அம்பத்தோராவது ஆள் கொட்டாவி விட்டாலும் தெரியாது" என்கிறார்.

ரோசின் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. மறந்திருப்பீர்கள். புறக்கோட்டையில் அல்லது உங்கள் வீட்டுக்குப் பக்கத்து வாத்தியக் கடையில் கேட்டுப் பாருங்கள்.

மகனுக்கு முத்தம். அத்தானைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தர்மினி


வெள்ளவத்தை
08.04.2024

அன்புத் தங்கச்சி,

சுகம்தானே? வருடப்பிறப்பு வேலைகளில் கடிதம் பிந்திவிட்டது. மகனுக்குச் சளி, இப்போது இல்லை.

சேலை பார்சலில் வருகிறது. கூடவே கழுத்துக்கு ஒரு செட். தங்கம் இல்லை, ஆனால் வெளிச்சத்தில் தங்கம்தான். காப்பு கையில் நிறையப் போடு, வில்லைத் தூக்கும்போது படத்தில் வடிவாக இருக்கும்.

அந்தத் துண்டுப்பிரசுர வரி மேலிடத்தில் எழுதியது. இப்படிக் கதைகளை எல்லோரிடமும் சொல்லித் திரியாதே.

நீ இவ்வளவு பாடுபட்டுப் பாடமாக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். கண் கெட்டுவிடும். ரோசினுக்கும் மெனக்கெடாதே. மேடையில் அமைதியாக, சிரித்த முகமாக இரு. உன்னை அந்த மேடையில் பார்ப்பதே எங்களுக்குப் பெரிது.

சின்னம்மாவின் முழங்காலுக்கு ஒரு பட்டி வைத்திருக்கிறேன், அளவு சரியா என்று எழுது.

உன் அக்கா


திருகோணமலை
12.05.2024

அன்புள்ள அக்கா,

பட்டி அம்மாவுக்கு அளவு. சேலையும் கிடைத்தது. மகனுக்குச் சளி மாறியது நல்லது.

நேற்று ஒத்திகை. நடத்துநரும் மாயாவும் ஜூனில்தான் வருவார்கள். கொழும்புக் குழுவில் பாதிப்பேர் டெரன்ஸோடு வந்திருந்தார்கள். இடம் துறைமுக வீதியில் உள்ள பழைய சரக்குக் கொட்டகை. வெள்ளையடித்து, குளிரூட்டி போட்டு, மண்டபம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சீமெந்து மூட்டை வாசம் இன்னும் போகவில்லை.

என் வயலினை அவர்களின் சுருதியில், மயிரிழை பிசகாமல் ஏற்றிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட அலுமாரியில் கிடந்த பழைய ரோசின் துண்டால் வில்லைத் தேய்த்திருந்தேன். கதிரையில் இருந்து முதல் சுரத்தை இழுக்கப் போகும்போது பாக்கியரத்தினம் ஐயா பஞ்சும் ஸ்பிரிட் போத்தலுமாக வந்தார்.

"வில்லை ஒருக்காத் தாங்கோ பிள்ளை."

கொடுத்தேன். ஊசி போட முன்னர் கையைத் துடைப்பார்களே, அதைப்போல என் வில்லின் மயிரை நுனியிலிருந்து அடிவரைக்கும் துடைத்தார். துடைத்துவிட்டு விரலால் தடவிப் பார்த்தார்.

"இப்ப சரி. இனி நீங்கள் விரும்பின மாதிரி இழுக்கலாம். ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை."

"ஏன் ஐயா?" என்று தனஞ்சயன் கேட்டார்.

"கொழும்பில இருந்து சொன்னது தம்பி. ஊர் ஆக்கள் ரெண்டு பேரும் வாசிக்கிறேல்லை, இருக்கிறது. மற்றவையின்ர கையைப் பாத்து மேல கீழ ஆட்டினால் காணும். படம் எடுக்கத்தானே."

"காசும் தந்து, சோறும் தந்து, வேலையும் செய்ய வேண்டாமெண்டால் இதைவிட என்ன ஐயா வேணும்!" என்றார் தனஞ்சயன். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

டெரன்ஸ் ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு நான் பக்கத்தில் கிடந்த இன்னொரு கதிரை. மதியம் வரை பாடமாக்கிய எல்லாவற்றையும் சத்தமில்லாத வில்லால் வாசித்தேன். வில் தந்தியில் பனிக்கட்டி போல வழுக்கியது. ஓர் இடத்தில் டெரன்ஸ் பிழையாகத் தொடங்கினார். நான் சரியாகத்தான் தொடங்கினேன். அது எனக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களைத் திரும்பப் படித்தேன். இரண்டு தடவை ரோசின் கேட்டேன். முதல் தடவை சேலையைப் பற்றி எழுதினீர்கள். இரண்டாம் தடவை மெனக்கெடாதே என்று எழுதினீர்கள். பாக்கியரத்தினம் ஐயாவுக்கு நேற்றுத்தான் தெரிந்திருக்கிறது. உங்களுக்கு எப்போது தெரியும்?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அம்மா உங்கள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்கிறார்.

தர்மினி


வெள்ளவத்தை
10.06.2024

அன்புத் தங்கச்சி,

நலம், நலமே அறிய ஆவல் என்று பழைய ஆட்கள் எழுதுவது போலத்தான் எழுதவேண்டியிருக்கிறது, அவ்வளவு அவசரம்.

கச்சேரிக்கு நான் வர ஏலாது. மகனுக்குப் பரீட்சை. அலுவலகத்திலிருந்து வேறு இருவர் வருகிறார்கள். படப்பிடிப்புக்காரரிடம் உன் சேலையின் நிறத்தைச் சொல்லியிருக்கிறேன்.

சின்னம்மாவைக் குளிரூட்டிக்குக் கிட்ட இருத்தாதே, முழங்கால் பிடிக்கும்.

ஜெயரூபி அக்கா


திருகோணமலை
17.06.2024

அன்புள்ள அக்கா,

மகன் பரீட்சை நன்றாக எழுதியிருப்பான். அம்மாவை நடுவரிசையில் இருத்தினேன், முழங்காலுக்கு ஒன்றும் இல்லை.

கச்சேரியைப் பற்றி உங்கள் அலுவலகத்தார் ஒரு கதை சொல்லியிருப்பார்கள். நான் நடந்ததை எழுதுகிறேன்.

ஒத்திகைக்குப் பிறகு நான் வயலினை அவர்களின் சுருதிக்கு ஏற்றவேயில்லை. எதற்கு? ஒரு மாதமாக அது பிள்ளைகளின் சுருதியிலேயே இருந்தது. நடத்துநர் வந்த பிறகு நடந்த ஒத்திகைக்கு எங்களைக் கூப்பிடவும் இல்லை. சனிக்கிழமை காலையும் சங்கீத வகுப்பு வைத்துவிட்டு, அதே சுருதியோடு மண்டபத்துக்குப் போனேன். வாசலில் பாக்கியரத்தினம் ஐயா பஞ்சோடு நின்று வில்லை மறுபடி துடைத்துத் தந்தார். கைப்பையில் ரோசின் துண்டு கிடந்தது. உடுப்பு மாற்றும் அறையில் அதைக் கையில் எடுத்தேன். தேய்த்தால் யாருக்கும் தெரிந்திராது. நடத்துநர் என்னைக் கேட்டிருப்பார். ஆனால் என்னிடம் வேண்டாம் என்று துடைத்தெடுத்ததை நான் களவாகக் கொண்டுபோய்க் கொடுப்பதா? திரும்பப் பைக்குள் போட்டேன். அந்த நேரம் அது எனக்குப் பெரிய கெட்டித்தனமாகத் தெரிந்தது.

பிரதம விருந்தினர் பிந்தினார். அதற்குள் வாசல் தோரணத்தை ஒரு மான் பாதி தின்றுவிட்டது. கடைசியில் எல்லோரும் வந்து, விளக்கேற்றி, ஐந்து பேர் கதைத்து, குழு சுருதி சேர்க்கத் தொடங்கியது. நானும் சேர்ப்பது போல வில்லை அசைத்தேன். முன்வரிசை, நடுவெளிச்சம், பச்சைச் சேலை, கை நிறையக் காப்பு. நீங்கள் சொன்னபடி எல்லாம் இருந்தது.

நடத்துநர் உயரமான, மெலிந்த மனிதர். கையை அசைக்கும் விதத்தில் பொய் இல்லை. மாயா நன்றாக வாசித்தாள். குறை சொல்லத் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்காக அவளை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

இரண்டாம் பகுதியில், கடற்காற்றின் ஈரமோ என்னவோ, அவளின் மேல் தந்தி 'டக்' என்று அறுந்தது. இப்படி நடந்தால் இந்தக் குழுக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு, புத்தகத்தில் படித்திருக்கிறேன். தனியாக வாசிப்பவர் முதல் வயலின்காரரின் வயலினை வாங்கிக்கொள்வார். முதல் வயலின்காரர் பக்கத்துக் கதிரைக்காரரின் வயலினை எடுத்துக்கொள்வார். அறுந்தது பக்கத்துக் கதிரைக்காரருக்கு. வாசிப்பு நிற்காது. யாரும் யாரையும் கேட்பதில்லை.

பக்கத்துக் கதிரையில் நான்.

மாயா கையை நீட்டினாள். டெரன்ஸ் தன்னுடையதைக் கொடுத்தார். திரும்பாமலே என் மடியிலிருந்து என் வயலினை உருவினார். மாயாவின் வயலின் என் கையில் வந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் இருந்தது. "இது வேற சுருதி" என்று நான் சொல்லியிருக்கலாம். அவர் வேறு யாருடையதையாவது வாங்கியிருப்பார். நான் அவருடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

சனத்துக்கு இந்த வயலின் மாற்றம் நன்றாகப் பிடித்துவிட்டது. வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்கள். அடுத்த இடத்தில் மாயா நிறுத்த, முதல் வயலின்காரர் தனியாக அவளுக்குப் பதில் வாசிக்கவேண்டும். டெரன்ஸ் வில்லை வைத்தார். விரல் கொழும்பில், சத்தம் எங்கோ கிளிவெட்டிக் கிராமத்தில். திடுக்கிட்டு விரலை நகர்த்தினார், அது இன்னும் தூரம் போனது. பின்னாலிருந்து தனஞ்சயன் இருமினார், சிரிப்பை இருமலாக்குவது எனக்குத் தெரியும். டெரன்ஸ் வாசிப்பதை நிறுத்திவிட்டு முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பதில் வரவேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. நடத்துநரின் இடதுகை அந்தரத்தில் நீண்டுகொண்டு நின்றது. அக்கா, அந்தப் பகுதி எனக்குத் தூக்கத்திலும் வரும். அது மேல் தந்தி தேவைப்படாத இடம். என் கையில் உலகத்தின் நல்ல வயலின்களில் ஒன்று இருந்தது. என் இடதுகை விரல்கள் தாங்களாகவே அந்த இடத்தை அதில் வாசித்துக்கொண்டிருந்தன. வலதுகையில் துடைத்த வில். ரோசின் துண்டு உடுப்பு மாற்றும் அறையில், கைப்பைக்குள்.

மாயா அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். பிறகு அவளே தன் பகுதியைத் தொடங்கி எல்லோரையும் இழுத்துக்கொண்டு போனாள். முடிந்ததும் சனம் எழும்பி நின்று கைதட்டியது. எல்லோருக்கும் பொன்னாடை. டெரன்ஸுக்கும்.

மேடைக்குப் பின்னால் நடத்துநர் என் வயலினை எடுத்து நாலு தந்தியையும் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்தார். பிறகு இரண்டிரண்டாக. "இது குழம்பின சுருதி இல்லை. யாரோ மிகக் கவனமாகச் சேர்த்திருக்கிறார். யாருடையது?" என்று கேட்டார்.

பாக்கியரத்தினம் ஐயா முந்திக்கொண்டார். "அது சும்மா படத்துக்கு வைச்சது சேர். வாசிக்கிற ஆக்களின்ர இல்லை."

நான் அவர்களுக்கு எட்டும் தூரத்தில் நின்றேன். இசை தெரிந்த காது கேட்டது. "என்னுடையது" என்பது ஒரு சொல். ஸ்பிரிட் போத்தல்காரருக்கு முன்னால், டெரன்ஸுக்கு முன்னால், அதைச் சொல்வது எனக்குக் கெஞ்சுவது போல இருந்தது. அவர் வயலினைப் பெட்டியில் பக்குவமாக வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை விமானம் என்று சொன்னார்கள். உள்ளூர்க் கலைஞர் எவரையும் அவர் கேட்கவில்லை. கேட்க ஒருவரும் இல்லை என்று அவருக்குச் சொல்லியிருந்தார்களாம்.

உங்கள் படங்கள் நன்றாக வந்திருக்கும்.

பெரியம்மாவைக் கவனமாகப் பாருங்கள்.

தர்மினி


வெள்ளவத்தை
21.07.2024

அன்புள்ள தர்மினி,

நீயும் சின்னம்மாவும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்குச் சீனி மறுபடி ஏறியிருக்கிறது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். இப்போது வீட்டில்.

நான் ஒன்றும் உனக்குக் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. திருகோணமலை முகம் இரண்டு வேண்டும் என்றார்கள். வாசித்துப் பிழைத்தால் ஆர் பொறுப்பு என்று கேட்டார்கள். கூட்டத்தில் பன்னிரண்டு பேர், நான் ஒருத்திதான் தமிழ். வாசிக்கமாட்டார்கள், சும்மா இருப்பார்கள் என்று சொன்னால்தான் உன்னை மேடையில் ஏற்றலாம் போல இருந்தது. உனக்கு அவர்களின் இசை எவ்வளவு தெரியும் என்று நான் எப்படிக் கண்டேன்? நீ ஒருநாளும் எங்களுக்கு வாசித்துக் காட்டியதில்லையே. எல்லாவற்றையும் பூட்டி வைத்துக்கொண்டு, பிறகு திறக்கவில்லை என்று மற்றவர்களில் கோபப்படுகிறாய்.

லண்டனுக்குப் போக முதல்நாள் அலுவலக விருந்தில் மாயா என்னிடம் வந்தாள். "டெரன்ஸுக்குப் பக்கத்தில் இருந்த பெண் விரல் போட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு சுரமும் பிழைக்கவில்லை. அவள் வாசிப்பாளா?" என்று கேட்டாள். பக்கத்தில் எங்கள் மேலாளர் நின்றார்.

மகன் பரீட்சையில் நாலாம் இடம். கணிதத்தில் நூறு. அத்தானுக்கு இடமாற்றம் வரும் போல இருக்கிறது.

சின்னம்மாவுக்கு அன்பு.

ஜெயரூபி


திருகோணமலை
04.08.2024

அன்புள்ள அக்கா,

பெரியம்மா வீட்டுக்கு வந்தது நிம்மதி. அம்மா கோணேசர் கோயிலில் அவர் பேரில் அருச்சனை செய்தார். மகனுக்கு என் வாழ்த்துகள்.

பூட்டி வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஓம், அது சரி. அந்த வரிக்காக உங்கள் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

மாயா கேட்டதை எழுதினீர்கள். மேலாளர் நின்றதையும் எழுதினீர்கள். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதை எழுதவில்லை.

உடம்பைப் பாருங்கள்.

தர்மினி


திருகோணமலை
22.12.2024

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலம்தானே? இங்கே ஒரு கிழமையாக மழை. வீதியெல்லாம் வெள்ளம், மான்கள் தபால் கந்தோர் விறாந்தையில் வந்து நிற்கின்றன. அம்மா சுகம்.

செப்டெம்பரில் உங்கள் பார்சல் வந்தது. கடிதம் இருக்கும் என்று தேடினேன், இல்லை. ஒரு ரோசின் கட்டி, அதற்குக் கீழே நாலாக மடித்த பத்திரிகைத் துண்டு: கொழும்பு வாத்தியக் குழுவுக்கு வயலின்காரர் தேவை. கட்டியை இரண்டு கிழமை தொடவில்லை. பிறகு தேய்த்துப் பார்த்தேன். நல்ல கட்டி. உதிரவில்லை.

ஒக்டோபரில் நேர்முகத்துக்கு வந்தனான். உங்களிடம் சொல்லவில்லை. தனஞ்சயன் பஸ் ஏற்றிவிட வந்து, "தர்மினி, இந்த முறையாவது சுருதி சேத்திட்டு வயலினைக் குடுங்கோ, டெரன்ஸ் பாவம்" என்றார். அறைக்குள் போனால் மூன்று பேர், நடுவில் டெரன்ஸ். என்னை அடையாளம் தெரியவில்லை. வயலினை அடையாளம் தெரிந்தது. கையை நீட்டி அதை வாங்கி, நாலு தந்தியையும் சுண்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. மறுபடி ஒருமுறை சுண்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"அன்றைக்கு இது உங்களுடைய சுருதியா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஓம். என்னுடையது" என்றேன். தமிழில்தான் வந்தது.

"முதலிலேயே சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் கேட்டிருக்கலாம்."

அவர் வயலினைத் திருப்பித் தந்தார். அன்று அவர் நிறுத்திய இடத்தை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டார்கள், இடையில் மறிக்கவில்லை. வில் பிடிக்கும் கை பழைய பழக்கத்தில் இருக்கிறது, திருத்த வேண்டும் என்றார் டெரன்ஸ். உண்மைதான், திருத்துகிறேன். இரண்டாம் வயலினில் கடைசிக் கதிரை தந்தார்கள். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி ஒத்திகை முடிந்து கன்னியர் மட விடுதியில் தங்கி, ஞாயிறு திரும்புகிறேன். ஒவ்வொரு கிழமையும் உங்கள் ஒழுங்கையைத் தாண்டித்தான் பஸ் போகிறது. இறங்கவில்லை.

ஜனவரி முதல் சனி இறங்குகிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு வருகிறேன். பெரியம்மாவுக்கு ஒத்துவராத எதையும் எனக்காகச் சமைக்க வேண்டாம். மாயாவுக்கு என்ன சொன்னீர்கள் என்று நான் அங்கே கேட்கமாட்டேன்.

அத்தானுக்கும் மகனுக்கும் என் அன்பு.

தர்மினி

பி.கு.: போன சனிக்கிழமை குழுவின் நத்தார்ப் பண்டிகைக் கச்சேரி நடந்தது. நீங்கள் வந்து மூன்றாம் வரிசையில் இருந்ததாகப் பெரியம்மா போனில் அம்மாவிடம் சொன்னாராம். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். அன்று எடுத்த படம் ஒன்றிலும் நான் இல்லை.